லாட் நம்பர் எழுதியாச்சா?

திருப்பூரில் எங்கள் எதிர் வீட்டு அம்மாள், பனியன் கம்பெனியில் இருபது வருஷம் செக்கிங் பார்த்தவர். அவர் பிள்ளைக்கோ கம்ப்யூட்டர் உத்தியோகம். போன ஞாயிறன்று அவன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

"அப்படியென்ன கண்ணு, தலை போற வேலை?"

"அடித்துணியிலேயே ஓட்டைங்கம்மா! அதிலே தைச்ச நாற்பது உருப்படியையும் திரும்பத் தைக்கோணும்."

அம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது!

சங்கதி இதுதான். இந்நாளில் ஒரு புரோகிராமை, அதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டிவிடுகிறார்கள். அதுதான் கண்டெய்னர். 2013-ல் வந்த 'டாக்கர்' இதைப் பிரபலமாக்கிற்று. ஒவ்வொரு பெட்டியையும் ஆதியிலிருந்து கட்ட யாருக்குப் பொறுமை? பொதுவாக ஒரு 'பேஸ் இமேஜ்' வைத்துக்கொண்டு, அதன்மேல் அவரவர் வேலையைச் சேர்க்கிறார்கள். ஒரே துணியில் பல சைஸ் பனியன் வெட்டுகிற மாதிரி.

சௌகரியம்தான். ஆனால் அடியில் பழுதென்றால் அத்தனையும் பழுது! பேஸ் இமேஜை மட்டும் திருத்தினால் போதாது. முன்பு கட்டிய பெட்டிகள் தாமாகத் திருந்துமா? புதுத் துணி வந்துவிட்டதென்று பீரோவிலுள்ள பழைய பனியனின் ஓட்டை அடைபடுமா, சொல்லுங்கள்!

2024 மார்ச்சில், 'எக்ஸ்-இஸட்' என்ற சிறு மென்பொருளில் யாரோ கள்ளவாசல் வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற எஞ்சினீயர் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆயிற்றே என்ற சந்தேகம்தான் காரணம்! எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில், 'டாக்கர் ஹப்' என்னும் பொதுக் கிடங்கில் அதே கள்ளவாசலுடன் 30-க்கு மேற்பட்ட இமேஜ்கள் கிடப்பதை 'பைனார்லி' ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். சில, டெபியன் பேஸ் இமேஜ்கள். வேறு சில, அவற்றின்மேல் கட்டியவை.

உபாயம் என்ன? 'லேட்டஸ்ட்' என்ற சீட்டை நம்பக் கூடாது. இன்று அந்தச் சீட்டு ஒட்டிய சரக்கு வேறு, நாளை வேறு. பேஸ் இமேஜ் ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. எந்தப் பெட்டி எந்த எண்ணின்மேல் கட்டியது என்று குறித்து வைக்க வேண்டும். அடி மாறினால், குறிப்பைப் பார்த்து மேலுள்ளவற்றை வரிசையாகத் திரும்பக் கட்டி, சோதித்து, பிறகே அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் பையன் எனக்கு விளக்கி முடித்ததும் அம்மாள் கேட்டார்:

"கழுத்துப் பட்டி ஒரு லாட், உடம்பு ஒரு லாட்டுன்னா கலரே காட்டிக் குடுத்திரும். அதுக்குத்தான் கட்டுக்குக் கட்டு லாட் நம்பர் எழுதறோம். நீ எழுதி வெச்சிருக்கியா?"

பையன் தலையைச் சொறிந்தான்.

"பாதிக்குத்தானுங்கம்மா..."

"முழுசும் எழுதியிருந்தா மத்தியானமே சாப்பிட்டிருக்கலாமே, சாமி!" என்று சொல்லிக்கொண்டே, ஆறிப்போன ரசத்தைச் சுடவைக்க எழுந்தார் அம்மாள்.