கோழியும் கீரையும் ஒரே கொல்லையில்

கோழி வளர்த்தால் கீரை தங்காது. கீரை வேண்டுமென்றால் கோழியை விற்றுவிட வேண்டும் என்று இல்லத்தரசியர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. காலையில் நட்ட கத்தரி நாற்று நண்பகலுக்குள் வேரோடு கிளறப்பட்டுக் கிடப்பதைக் கண்டவர்கள் வேறு எப்படித்தான் பேசுவார்கள்? ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக வைத்திருப்பது நம் ஏற்பாட்டின் குறையேயன்றி, கோழியின் குற்றமன்று.

முதலியார்பேட்டையை எடுத்துக்கொள்வோம். ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு நெசவாலையை நம்பிப் பல குடும்பங்கள் இங்கே வாழ்ந்தன. அவ்வாலை 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பழைய வீடுகளின் கொல்லைகளும் பாகப்பிரிவினையில் துண்டுபட்டுச் சுருங்கிவிட்டன. மாதச் சம்பளம் நின்றுபோன இல்லத்திற்கு ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் அற்பமானவை அல்ல. ஆகவே கணக்கை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடுவது நல்லது.

நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு இடுவது ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள். ஐந்து கோழிகள் இருந்தால், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு முட்டை கிடைக்கும். வளர்ந்த கோழிக்கு நாள்தோறும் சுமார் 100 கிராம் தீனி தேவை. ஐந்திற்கும் அரைக் கிலோ ஆயிற்று. அவ்வளவையும் விலைகொடுத்து வாங்கினால், நாமக்கல்லிலிருந்து வந்து கடையில் விற்கும் முட்டையே மலிவு! வனராஜா, கிரிராஜா, நந்தனம் போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் நூற்றுக்கும் மேல் இடும் என்பது உண்மையே. எனினும் அடைகாக்கும் குணம் அவற்றிற்குக் குறைவு. முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்போரை நாம் ஊக்குவிக்க மாட்டோம். தோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஆதாயம் புலப்படும். சோற்றுப் பருக்கை, குருணை, முற்றிய கீரைத்தண்டு, புழு தின்ற இலை ஆகியவை தீனிச் செலவைக் குறைக்கின்றன. கோழியோ உரம் தருகிறது.

அந்த உரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாட்டுச் சாணத்தைவிடக் கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. அதனாலேயே பச்சையாக இட்டால் செடி கருகிவிடும். "கோழி எரு சூடு" என்று பெரியோர் சொல்வதன் பொருள் இதுதான். எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் சிதைந்து அம்மோனியாவாக மாறி இளம் வேரைச் சுடுகிறது. கூண்டின் அடியில் காய்ந்த சருகையோ மரத்தூளையோ பரப்பி, எச்சம் படிந்தபின் அதை வாரிக் கொல்லை மூலையில் குவியுங்கள். இலேசான ஈரம் இருக்கட்டும். இரு வாரத்திற்கொருமுறை புரட்டிவிட்டால் மூன்று மாதங்களில் மணமற்ற கருமண்ணாகிவிடும். மட்காத எச்சத்தைக் கீரைப் பாத்தியில் இடவே கூடாது. சால்மோனெல்லா என்னும் கிருமி அதிலிருந்து இலைக்கும், இலையிலிருந்து குழந்தைகளின் வயிற்றுக்கும் செல்லக்கூடும்.

இனி வேலி. பாத்திகளைச் சுற்றி நான்கைந்து அடி உயரத்திற்குப் பழைய மீன்வலை கட்டினால் போதும். கடலோரப் புதுவையில் அது கிடைப்பது அரிதன்று. கோழிகளை அந்தி சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் திறந்துவிடுவது மற்றோர் உபாயம். வெட்டுக்கிளியையும் கரையானையும் பொறுக்கித் தின்றுவிட்டு, இருட்டுமுன் தாமாகவே கூண்டுக்குத் திரும்பிவிடும். அறுவடை முடிந்த பாத்தியிலோ நாள் முழுதும் விட்டுவிடலாம். களை விதையும் கூட்டுப்புழுவும் அவற்றின் வயிற்றுக்குள் போய்விடும். முருங்கைக் கம்பளிப்பூச்சியை மட்டும் பெரும்பாலும் தொடமாட்டா. அந்த வேலை நம் தலையில்தான்!

முட்டை இடுவதற்குச் சேவல் தேவையில்லை என்பதைப் பலர் அறியார். குஞ்சு பொரிக்க விரும்பினாலன்றிச் சேவல் வேண்டாம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் விடியுமுன் கூவும் சேவலால் அண்டைவீட்டாரின் நட்பு முறிவதுண்டு.

2022-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட செய்தி ஒன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். சிட்னி நகரத்து வீட்டுக்கோழிகளின் முட்டையில், கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்குக்கும் மேல் ஈயம் இருந்ததாம். பழைய பெயிண்டும் பெட்ரோல் புகையும் படிந்த மண்ணைக் கோழி கொத்தித் தின்றதே காரணம். நம் ஊர்க் கொல்லைகளுக்கு அதே அளவைப் பொருத்திப் பேச இயலாது. ஆனால் பெயிண்ட் உதிரும் சுவரடியிலும், பழைய பேட்டரி உடைத்த இடத்திலும், குப்பை எரித்த சாம்பலிலும் கோழியை மேயவிடாதீர்கள். குழந்தையின் மூளையை ஈயம் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை.

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூண்டே காலியாகிவிடும், வந்தபின் மருந்தில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. பல கோழிகள் ஒருசேர மடிந்தால் அவற்றைச் சமைக்காமல், தெருவில் எறியாமல், உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கூண்டைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டுங்கள். கீரிக்கும் பூனைக்கும் மட்டுமன்று, மழைக்காகவும் சொல்கிறோம். 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுவையில் வீட்டுக்குள்ளேயே நீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

புதிதாகத் தொடங்குவோர் ஐப்பசி, கார்த்திகையை விடுத்து, தை பிறந்தபின் இரண்டு மாதத்துக் குஞ்சுகளாகப் பார்த்து வாங்கலாம். தடுப்பூசி போடப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டறிந்து, ஏற்கெனவே வீட்டில் கோழி இருந்தால், இரண்டு வாரம் தனிக் கூண்டில் வைத்திருந்து பின்னர் சேர்த்துவிடுங்கள்.