பாட்டுக்கு ஒரு வீடு

ஒரே தெரு. இந்தப் பக்கம் ஒரு மாநிலம். அந்தப் பக்கம் இன்னொரு மாநிலம். தெரு நடுவில் நின்றால் ஒரு கால் டென்னஸியில், மற்றொரு கால் வர்ஜீனியாவில்!

அமெரிக்காவில் உள்ள பிரிஸ்டல் என்ற சிறு நகரத்துக்குப் போய் வந்தவர்கள் ஆசையோடு சொல்லும் வேடிக்கை இது. ஆனால் அவர்கள் அங்கே போவது தெருவைப் பார்க்க அல்ல, பாட்டுக் கேட்க. மலை நாட்டு உழவர்களும் தொழிலாளர்களும் பாடி வந்த 'கண்ட்ரி' இசையின் பிறப்பிடம் என்று, 1998-ம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் இந்த ஊரை அங்கீகரித்தது.

பத்திரிகைச் செய்தி

1927-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் ரால்ப் பியர் என்பவர் பிரிஸ்டலுக்கு வந்தார். விக்டர் கிராமபோன் கம்பெனிக்காகப் பாட்டுப் பதிவு செய்வது அவர் வேலை. தொப்பிக் கம்பெனிக் கட்டடம் ஒன்றில் கருவிகளை வைத்தார்.

ஸ்டோன்மன் என்ற பாடகர் முந்திய ஆண்டில் பாட்டினால் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அவ்வளவுதான்! பிடிலும் கிதாருமாக மலை ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 12 நாட்களில் 19 குழுவினர் 76 பாட்டுகள் பாடினார்கள்.

ஆகஸ்டு 1-ந் தேதி ஏ.பி. கார்ட்டர் வந்தார். உடன் வந்தவர்கள் மனைவி சாராவும், தம்பி மனைவி மேபெலும். மேபெலுக்கு வயது 18; அப்போது கர்ப்பிணி. சாராவிடம் கைக்குழந்தை. மூன்று நாள் கழித்து ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடினார். காச நோயால் ரயில்வே வேலையை விட்டவர் அவர். இந்த இரண்டு தரப்பாரின் பாட்டும் பின்னர் நாடெங்கும் பரவியது.

பெயர் இல்லாதவர்

புகழ் வந்த பிறகு கார்ட்டர் மலை மலையாக அலைந்து பழைய பாட்டுகளைச் சேர்த்தார். அவருடன் அலைந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, குடும்பத்தாருக்குச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் இசைத்தட்டில் ரிடில் பெயர் இல்லை. நெடுங்காலம் உலகம் அவரை அறியவே இல்லை. பாட்டைச் சுமந்து வந்தவரை மறந்தது நியாயமா?

மகள் கொடுத்த வாக்கு

கார்ட்டர் 1960-ல் இறந்தார். பாட்டை விட்டுவிடாதே என்று மகள் ஜேனட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை அவள் மறக்கவில்லை.

1974-ல், மலையடிவாரத்தில் தந்தை நடத்திய பழைய கடையிலேயே சனிக்கிழமைதோறும் பாட்டுக் கச்சேரி தொடங்கினாள். கூட்டம் பெருகவே, பக்கத்தில் கொட்டகை எழுந்தது. மதுவுக்கு அங்கே இடம் இல்லை. மின்சார வாத்தியங்களும் பொதுவாக இல்லை. தாத்தாவும் பேரனும் ஒன்றாக ஆடுவார்கள். போய் வந்தவர்கள் மறக்காதது இதைத்தான்.

மேபெலின் மகள் ஜூன், 2003 மே மாதம் காலமானார். அவருடைய கணவர், புகழ் பெற்ற பாடகர் ஜானி கேஷ், மனைவியை இழந்த துயரத்தோடு ஜூலை 5-ந் தேதி அந்தக் கொட்டகைக்கு வந்து பாடினார். அதுவே அவர் மக்கள் முன் பாடிய கடைசிக் கச்சேரி. செப்டம்பரில் அவரும் மறைந்தார். எத்தனையோ பெரிய மேடைகளைக் கண்டவர், கடைசியில் நாடி வந்தது மனைவியின் குடும்பத்தார் கட்டிய கொட்டகையை!

பிரிஸ்டலில் 2001-ல் இசை விழா தொடங்கியது. 2014-ல் காட்சிசாலை திறக்கப்பட்டது. இவை நல்ல காரியங்கள். ஆனாலும் இசைத்தட்டு பாட்டைப் பரப்பும். காட்சிசாலை அதன் கதையைச் சொல்லும். அதை உயிரோடு வைத்திருப்பது, வாரம் தவறாமல் கூடிப் பாடும் ஜனங்கள்தான். ஜேனட் செய்து காட்டியது அதுவே.

எந்த ஊரிலும் இதைச் செய்யலாம். வீட்டில் பாட்டி பாடும் பாட்டைக் குழந்தைகள் கேட்டு எழுதி வைக்கட்டும். அதன் அருகே பாட்டியின் பெயரையும் மறக்காமல் எழுதட்டும்.