படகிற்கு வேண்டுவது எத்தகைய மோட்டார்?

"சின்னஞ்சிறு பொம்மைப் படகுதானே! அதற்கு எந்த மோட்டார் இருந்தால் என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். நாங்களும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். இன்று எங்கள் எண்ணம் வேறு. கடையில் உள்ளவற்றிலேயே மிக வேகமாகச் சுழலும் மோட்டாரைத் தேடி வாங்குவது தவறு. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட்டுப் படகின் விசிறியோடு ஒத்துப்போகும் மோட்டாரைத் தேடுவதே சரி என்பது எங்கள் கட்சி.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றிற்காக நாங்கள் ஐவர் சேர்ந்து 45 சென்டிமீட்டர் நீளமுள்ள படகு ஒன்று செய்தோம். மோட்டார் வாங்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் முதலில் கேட்டது, "அண்ணன் தம்பி யாரும் வரலியா பாப்பா?" என்பதே! அந்தக் கோபத்திலேயே, "இருக்கிறதிலேயே ஸ்பீடான மோட்டாராகக் கொடுங்கள் அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கினோம். பொம்மைக் கார்களில் இருக்குமே, 130 என்று சொல்லும் வகை, அது. 3 வோல்ட் மின்சாரத்தில், சுமை ஏதும் இல்லாதபோது, நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது.

எங்களுள் ஒருத்தியின் தந்தையார் ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவர். அவள், பழைய டி.வி.டி. பிளேயரிலிருந்து கழற்றிய தட்டையான மோட்டார் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்தாள். "அப்பா இதை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள்" என்றாள். நாங்கள் சிரித்தோம். "கண்காட்சிக்குக் குப்பையையா கொண்டு போவது?" என்று எங்களில் ஒருத்தி கேட்டதும் உண்மை. அவள் பதில் பேசாமல் அதைப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

கண்காட்சியில் முதல் இரண்டு நிமிடம் எங்கள் படகு நுரை பறக்க ஓடியது. பிறகு சோர்ந்தது. ஒன்பதாவது நிமிடம் தொட்டியின் நடுவே நின்றே விட்டது. மோட்டாரைத் தொட்டால் விரல் சுட்டது. புதிதாகப் போட்ட இரண்டு பென்சில் செல்களும் தளர்ந்துவிட்டன. நடுவர்கள் வந்து பார்த்தபோது யாரோ ஒரு சிறுவன் அதைக் குச்சியால் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தக் காட்சி இன்னும் எங்கள் கண்முன் நிற்கிறது.

திங்கட்கிழமை எங்கள் பௌதிக ஆசிரியையான சிஸ்டர், "அழுதது போதும், அளந்து பாருங்கள்" என்று மல்டிமீட்டரை எங்கள் கையில் கொடுத்தார்கள். ஒரு வாளித் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு அளந்தோம். 25 மில்லிமீட்டர் விசிறியோடு கடை மோட்டார் ஒரு ஆம்பியருக்கும் மேல் இழுத்தது. அதே விசிறியோடு டி.வி.டி. மோட்டார் 0.12 ஆம்பியர்தான் எடுத்தது. படகு முன்போல் நுரை கக்கவில்லை. ஆனால் தோட்டத்துத் தொட்டியில் அமைதியாக வலம் வந்துகொண்டே இருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து வீட்டு மணி அடித்ததால் நாங்களாகத்தான் அதை நிறுத்தினோம்.

காரணம் என்ன? நேர்மின் மோட்டாரைச் சுமையின்றி விட்டால் அதிக வேகம்; சுமை ஏற ஏற வேகம் குறையும், மின்னோட்டம் கூடும். வேகம் பாதியாகக் குறையுமளவு சுமை ஏற்றினால், செல் தரும் ஆற்றலில் பாதிக்குக் குறையாமல் வெப்பமாகப் போய்விடும். சிக்கனமாக உழைப்பது இலேசான சுமையில், அதாவது சுமையில்லாத வேகத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சுழலும்போதுதான். எங்கள் பத்தாயிரம் சுற்று மோட்டார், நீரில் அந்த விசிறியைச் சுழற்ற முடியாமல் பாதி வேகத்திற்கும் கீழே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

விசிறியின் கணக்கு இன்னும் வியப்பானது. ஒரே வடிவுள்ள விசிறியை ஒரே வேகத்தில் சுழற்றுவதாக வைத்துக்கொண்டால், அதற்கு வேண்டிய திறன் அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக ஏறுகிறது. 20 மில்லிமீட்டரை 25 ஆக்கினால் பார்வைக்கு ஒரு நூலளவுதான் வித்தியாசம். வேண்டிய திறனோ மூன்று மடங்கு! வேகமான மோட்டாருக்குச் சிறு விசிறி, நிதானமான மோட்டாருக்குப் பெரிய விசிறி என்பதுதான் பொருத்தம். கடலுக்குப் போகும் தந்தையை உடைய தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "எங்க அப்பா போட்டில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், கியர்பாக்ஸ் அதைக் குறைத்துத்தான் விசிறிக்குக் கொடுக்கும். இது தெரியாதா உங்களுக்கு?" என்றாள். கடற்கரை ஊரில் பிறந்தும் தெரியாமல்தான் இருந்தோம்.

வேகம் வேண்டும் என்பாரும் எங்களுள் உண்டு. அவர்களுக்கும் ஒரு விடை இருக்கிறது. நீரைக் கிழித்து மிதந்து செல்லும் படகு தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்கிறது. நீளம் குறையக் குறைய இந்த எல்லையும் குறையும். 45 சென்டிமீட்டர் படகிற்கு அது நொடிக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். அதற்குமேல் எவ்வளவு மின்சாரத்தைக் கொட்டினாலும் பெரும்பகுதி அலையாகத்தான் போகும். நீரின்மேல் எழும்பி ஓடும் பந்தயப் படகின் கதை வேறு. அதற்குத் தட்டையான அடியும் சக்தி வாய்ந்த மோட்டாரும் வேண்டும். எங்களுடையதோ மீன்பிடி வள்ளத்தின் வடிவம்.

மின்சாரப் படகு புதுமையும் அன்று. 1838-ஆம் ஆண்டிலேயே யாக்கோபி என்னும் விஞ்ஞானி ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்கலங்களால் படகு செலுத்தினார். 1898-இல் நியூயார்க்கில் டெஸ்லா, கம்பியில்லாமல் ஆட்டுவிக்கும் சிறு படகைத் தொட்டியில் ஓட்டிக் காட்டினார். அதைக் கண்டவர்களுக்கு எவ்வளவு வியப்பாக இருந்திருக்கும்!

எனவே கடைக்குப் போகும் தங்கைமார் வேகத்தைக் கேட்க வேண்டாம். சுமையில்லாமல் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். பிறகு விசிறியை மாட்டி வாளியில் அளந்து பாருங்கள். வேகம் மிகவும் இறங்கி மின்னோட்டம் மிகவும் ஏறினால் விசிறியை மாற்றுங்கள், அல்லது பல்சக்கரம் வையுங்கள். ரோபோக் கார்களுக்கு விற்கும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டாரை வாங்கி ஏமாறாதீர்கள். விசிறிக்கு அது மிகவும் மெதுவானது, துடுப்புச் சக்கரப் படகிற்கு மட்டும் உதவும். பிரஷ்லெஸ் மோட்டார்கள் மிகச் சிக்கனமானவைதாம். ஆனால் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும், விலையும் கையைக் கடிக்கும். இன்னொன்று: மோட்டாரையும் விசிறித் தண்டையும் நேர்க்கோட்டில் வைத்து சைக்கிள் வால்டியூப் துண்டால் இணையுங்கள்; தண்டு செல்லும் குழாயில் சிறிது வாசலின் தடவுங்கள். தண்டு இறுகியிருந்தால் எந்த மோட்டாரும் தோற்கும்.

கண்காட்சி நடத்தும் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். தொட்டியை முதலில் கடந்த படகிற்கே பரிசு என்றால், பிள்ளைகள் வேகமான மோட்டாரைத்தான் வாங்குவார்கள். இரண்டு செல்லில் எவ்வளவு நேரம், எவ்வளவு சுமையோடு ஓடியது என்று பாருங்களேன். தோற்றவர்கள் சொல்லும் சமாதானம் என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

எங்கள் தோழியிடம் ஐவர் பெயரால் நால்வரும் மன்னிப்புக் கேட்டோம். "செல் வாங்கின காசுக்கு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்திருக்கலாம்" என்றாள், அவ்வளவுதான்.

பெற்றோர்களே! ஓடாத டி.வி.டி. பிளேயர், பழைய பிரிண்டர் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு ஒருமுறை அனுப்பி வையுங்கள். கழற்றுவதற்கு ஸ்க்ரூடிரைவர் எங்களிடமே இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி