ஐ.டி. ஊழியருக்கும் உரியது 1947-ஆம் ஆண்டுச் சட்டம்

மாண்புமிகு தமிழ்நாடு தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஜவுளிக்கடைக்கும் உணவகத்துக்கும் மட்டும் உரியதன்று. தரமணியிலும் சிறுசேரியிலும் கோவையிலும் கணினி முன் அமர்ந்திருப்போருக்கும் அதுவே வேலைநேரச் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரம்பு வைக்கிறது. மிகைநேரம் சேர்ந்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இத்தனை இருந்தும், ஆள் எடுக்கும்போதும், வீட்டிலிருந்து வேலை வாங்கும்போதும், ஆளை அனுப்பும்போதும் இச்சட்டத்தின் காவல் ஊழியருக்கு எட்டுவதில்லை.

முதலாவது, ஆள் எடுப்பது. பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் தேர்வு இறுதியாண்டுத் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. ஓர் ஆஃபர் கிடைத்தவரை அடுத்த நிறுவனத்தின் தேர்வுக்குப் பல கல்லூரிகள் அனுமதிப்பதில்லை. கையில் வரும் ஆஃபர் லெட்டரில் சம்பளம் இருக்கும். சேரும் தேதி ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்றிருக்கும். 2022-க்குப் பிறகு பல நிறுவனங்கள் அந்தத் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டன. கல்விக்கடன் தவணை அதற்காகக் காத்திருப்பதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகுதான் அது பயன்படும். ஆஃபருக்கும் சேரும் நாளுக்கும் இடையில் இருப்பவருக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாணவர்களை வேலைக்குத் தயார்செய்யும் அரசு, அவர்கள் ஏமாந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. சேரும் தேதியை ஆஃபர் லெட்டரிலேயே எழுதவும், குறித்த காலத்தைத் தாண்டினால் உதவித்தொகை தரவும் விதி வேண்டும்.

இரண்டாவது, வீட்டிலிருந்து வேலை. 2020 மார்ச் ஊரடங்கில் அவசரத்துக்கு வந்த இந்த முறை, அலுவலகமும் வீடும் கலந்த ஹைபிரிட் முறையாக நிலைத்துவிட்டது. சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 2022 ஜூலையில் சேர்ந்த 43ஏ விதி, எவரெல்லாம் எவ்வளவு காலம் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று சொன்னது. எத்தனை மணி வரை என்று சொல்லவில்லை. நியூயார்க்கில் காலை 10 மணி என்பது சென்னையில் கோடைக்கணக்கில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. காலை 9.30 மணிக்கு டீம் மீட்டிங்கில் சேர்ந்தவர், குழந்தைக்குச் சோறூட்டும் நேரத்தில் காதில் ஹெட்செட்டுடன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிறார். டைம்ஷீட்டில் மட்டும் எட்டு மணி நேரம் ஏறுகிறது. உண்மைக் கணக்கு லேப்டாப்பின் லாகின் பதிவில் இருக்கிறது. அது நிறுவனத்தின் கையிலேயே உள்ளது. அப்பதிவையே சட்டப்படியான வேலைநேரப் பதிவேடாக அறிவித்து, தொழிலாளர் துறை ஆய்வாளர் கேட்டால் காட்டச் செய்ய வேண்டும். வேலைநேரத்துக்குப் பின் வரும் அழைப்பை எடுக்காதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டன. தமிழ்நாடும் அதைச் சட்டத்தில் எழுதலாம்.

மூன்றாவது, ஆளை அனுப்புவது. இதுவே மிகக் கொடியது. ஹெச்.ஆரிடமிருந்து அரைமணி நேர மீட்டிங்குக்கு அழைப்பு வரும். மீட்டிங் முடிவதற்குள் ராஜினாமா மெயில் அனுப்பச் சொல்வார்கள். மறுத்தால் ரிலீவிங் லெட்டரில் ‘நீக்கம்’ என்று வரும் என்பார்கள். அடுத்த நிறுவனம் பின்னணி சரிபார்க்கும்போது கேட்கும் முதல் காகிதம் அதுதான் என்பதால், ஊழியர் மெயிலை அனுப்பிவிடுகிறார். ஏட்டில் அவர் தாமாக விலகியவர் ஆகிறார். 41-ஆம் பிரிவு தரும் மேல்முறையீட்டு உரிமை அந்த நொடியே பறிபோகிறது. அதே ஊழியர் தாமே விலக விரும்பினால் 90 நாள் நோட்டீஸ் கேட்கிறார்கள். சட்டம் நிறுவனத்திடம் கேட்பதோ ஒரு மாதம்தான். ராஜினாமாவை ஏழு நாளுக்குள் திரும்பப் பெறும் உரிமை, இரு தரப்புக்கும் ஒரே நோட்டீஸ் காலம், குறித்த நாளுக்குள் ரிலீவிங் லெட்டர் ஆகிய மூன்றும் விதிகளில் இடம்பெற வேண்டும்.

பழைய சட்டத்தைக் காலத்துக்கேற்பத் திருத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. நாள் முழுக்க நின்றே விற்ற கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் இதே சட்டத்தில்தான் சட்டமன்றம் சேர்த்தது. இன்று தேவைப்படுவதும் அதைப்போன்ற ஒரு திருத்தம்தான். ஊழியர் சங்கங்களையும் நிறுவனங்களையும் ஒரே மேசையில் அமரவைத்து, அதற்கான வரைவை அமைச்சர் அவர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும்.