வில்லின் கனம் எங்கே விழுகிறது?

இரண்டு கைகளும் இல்லாத ஷீத்தல் தேவி 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அம்பு விட்டதைப் பார்த்தவர்களுக்கு, நம் வீட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் ஒரு வில் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தேட ஆரம்பித்ததும் கண்ணில் படுவது 'எடை குறைந்த வேட்டைக் குறுக்குவில்' என்ற விளம்பரம். துப்பாக்கி போல ஒரு கட்டை, அதன் தலையில் குறுக்கே ஒரு வில், விசையைத் தட்டினால் அம்பு பாயும். கையில் பலம் இல்லாதவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வேறு வேண்டும். குறுக்குவில் அமெரிக்க வேட்டைக்காரர்களின் பொருள். அங்கே பல மாநிலங்கள் வில்வேட்டைப் பருவத்தில் குறுக்குவில்லை உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதித்திருந்தன. பின்னர்தான் மற்றவர்களுக்கும் வழி திறந்தன. நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் கதையை முடித்துவிட்டது. பாராலிம்பிக்கிலும் குறுக்குவில் கிடையாது. அங்கே உள்ளவை ரிகர்வ், காம்பவுண்டு என்ற இரண்டு வகை வில்கள்தான். ஆசைப்பட்டு வாங்கும் குறுக்குவில் கடைசியில் பரணுக்குத்தான் போகும்.

'எடை குறைந்தது' என்ற சொல்லும் பாதி உண்மைதான். வில்லுக்கு மூன்று கனம் உண்டு. கையில் தாங்க வேண்டிய எடை ஒன்று. நாணை இழுக்கத் தேவைப்படும் பலம் இரண்டாவது. குறி பார்க்கும்வரை நாணைப் பிடித்திருக்கும் பலம் மூன்றாவது. குறுக்குவில் மூன்றாவதை இல்லாமல் செய்கிறது. ஆனால் இரண்டாவதை ஏற்றிவிடுகிறது. 150 பவுண்டு, அதாவது 68 கிலோ இழுவிசை அதில் சாதாரணம். கப்பிக் கயிறு போட்டால் அது பாதியாகும். சுற்றுப்பிடி வைத்தால் இன்னும் குறையும், ஆனால் கருவியின் எடை கூடும். அந்த எடையும் முன்பக்கம் சாயும்.

காம்பவுண்டு வில்லின் கணக்கு வேறு. அதன் இரு முனைகளிலும் உள்ள உருளைகள், நாண் முழுதாக இழுபட்டதும் பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. 40 பவுண்டு வில்லில் 80 சதவீதம் தளர்ந்தால் விரலுக்கு மிஞ்சுவது 8 பவுண்டுதான், நாலு கிலோவுக்கும் குறைவு. ரிகர்வ் வில்லில் இந்தச் சலுகை இல்லை. இழுத்த பாரம் அம்பு விடும்வரை கையிலேயே நிற்கும்.

இந்தக் கணக்கை ஏன் பார்க்க வேண்டும்? சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ நடமாடுகிறவருக்குத் தோள்தான் கால். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், சால் வீட்டின் படி ஏறுவதும், ரயிலைப் பிடிப்பதும் அந்தத் தோளால்தான். பொருந்தாத வில்லை மாதக்கணக்கில் இழுத்துத் தோள் வலி வந்தால், போவது விளையாட்டு மட்டும் அல்ல, நடமாட்டமும்தான். இளவயதில் போலியோ வந்தவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. இந்தியா 2014-ல் போலியோ ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தலைமுறை நம்மோடு இருக்கிறது. ஏற்கெனவே தளர்ந்த தசையை மேலும் வருத்தினால் பல வருடங்கள் கழித்துப் பலவீனம் கூடலாம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வில் எவ்வளவு லேசு என்பதல்ல, அதன் கனம் உடம்பில் எங்கே விழுகிறது என்பது. ஷீத்தல் வலது காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, தாடையால் அம்பை விடுவிக்கிறார். கைகள் இல்லாத அமெரிக்கர் மாட் ஸ்டட்ஸ்மன் உட்கார்ந்து காலால் வில் பிடித்து, 2012-ல் லண்டனில் வெள்ளியும் 2024-ல் பாரிஸில் தங்கமும் வாங்கினார். பாரிஸில் ஷீத்தலோடு சேர்ந்து வெண்கலம் வென்ற ராகேஷ் குமார் சக்கர நாற்காலியில் இருப்பவர். அதே பாரிஸில் ரிகர்வ் பிரிவில் தங்கம் வென்ற ஹர்விந்தர் சிங்குக்குக் குறைபாடு கால்களில். ஆளுக்கு ஆள் பலம் இருக்கும் இடம் வேறு. வில் அந்த இடத்தைத் தேடி வந்திருக்கிறது.

மும்பையில் இதற்கு முதல் படி விளையாட்டுக் கடை அல்ல. ஹாஜி அலியில் 1955-லிருந்து இயங்கும் அகில இந்திய உடல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம் போன்ற இடத்தில் பிசியோதெரபிஸ்டிடம் தோளையும் முதுகையும் காட்டுங்கள். எந்தத் தசைக்கு வேலை கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். செம்பூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே, மாற்றுத்திறனாளிகளுக்காக 1968-ல் தொடங்கப்பட்ட 'நாசியோ' இருக்கிறது. வழி கேட்க அதுவும் ஒரு வாசல்.

அடுத்து, பயிற்சியாளரின் வில்லை வாங்கி இழுத்துப் பாருங்கள். 15, 20 பவுண்டில் ஆரம்பித்தால் போதும். நாணை முழுதாக இழுத்துப் பத்து விநாடி ஆடாமல் பிடிக்க முடியாவிட்டால், அந்த வில் உங்களுக்கு அதிகம். சக்கர நாற்காலி என்றால் வில்லின் கீழ் முனை சக்கரத்தில் தட்டுகிறதா என்று பாருங்கள். விரலில் பிடி இல்லாதவருக்கு மணிக்கட்டில் கட்டும் விடுவிப்பான் உண்டு. அம்பு இல்லாமல் இழுத்த நாணை மட்டும் விட்டுவிடாதீர்கள், வில்லே பிளந்துவிடும்.

பட்டை, கைக்காப்பு, நெஞ்சு வார் எல்லாவற்றையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அளவு சொன்னால் தைத்துக் கொடுக்கும் கைகள் தாராவித் தோல் பட்டறைகளில் இருக்கின்றன. போட்டிக்குப் போகிறவர் மட்டும், எந்தத் துணைக்கருவிக்கு அனுமதி உண்டு என்பதைத் தன் வகைப்பாட்டு அட்டையில் பதிந்துகொள்ள வேண்டும்.

லட்சத்தைத் தொடும் காம்பவுண்டு வில்லைப் பிறகு யோசிக்கலாம். முதல் வருடம் இரவல் வில் போதும். அந்த ஒரு வருடத்தில் தோளே சொல்லிவிடும், எந்த வில் வேண்டுமென்று.