தலையில் சேரும் கணக்கு

கோலார் தங்கவயல்காரர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கவே வேண்டாம். ஒரு நாள் தூசி யாரையும் கொல்வதில்லை. பாறையைத் துளைத்துவிட்டு மேலே வந்தவர் நாலு தடவை இருமிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் மறுபடி இறங்குவார். கணக்கை நுரையீரல் வைத்துக்கொண்டிருக்கும். 1940 முதல் 1946 வரை அங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு சிலிகோசிஸ். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் நிறைந்த சுரங்கங்கள் அவை. 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன.

மூளையும் இப்படித்தான் கணக்கு வைக்கிறது என்பதை மருத்துவம் மெதுவாகவே ஒப்புக்கொண்டது. குடிக்காமலே தள்ளாடும், நாக்குக் குழறும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதினார். இது குத்துச்சண்டைக்காரர்களின் பிரச்னை என்று மற்ற விளையாட்டுகள் நிம்மதியாக இருந்தன. அந்த நிம்மதியைக் கலைத்தவர் ஒரு கால்பந்து வீரர். கோலுக்குப் பந்தைத் தலையால் முட்டுவதில் பேர் வாங்கிய இங்கிலாந்தின் ஜெஃப் ஆஸ்டில், 2002ல் 59 வயதில், நினைவிழந்து இறந்தார். மரண விசாரணையின் முடிவு: தொழில்சார் நோய். சிலிகோசிஸ் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ, அதே வார்த்தை!

2019ல் ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் கால்பந்து வீரர்களின் பதிவுகளை கிளாஸ்கோ ஆய்வாளர்கள் அலசினார்கள். (கோலார் எண்ணோடு ஒத்துப்போவது தற்செயல்.) மூளை தேயும் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட இவர்களிடம் மூன்றரை மடங்கு. பந்தை அதிகம் முட்டாத கோல்கீப்பர்களிடம் இந்தக் கூடுதல் தெளிவாகத் தெரியவில்லை.

ஹெல்மெட் மாட்டினால் போதாதா? சுரங்கத் தொப்பி விழுகிற கல்லிலிருந்து மண்டையோட்டைக் காக்கும். ஆனால் மூளை மண்டைக்குள் திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பினால், நின்றால், உள்ளே மூளை குலுங்கி மெல்லிய நரம்பு இழைகள் இழுபடும். மயக்கமே வராத அடிகளும் இதில் சேர்த்தி. பல வருஷங்களில் டௌ என்ற புரதம் திரண்டு செல்களைக் கெடுக்கிறது. அதை உறுதி செய்ய இன்னமும் இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்கள் குத்துச்சண்டையில் 2013ல் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெறுந்தலையோடுதான் மோதினார்கள். அது சரியா என்ற சண்டை ஓயவில்லை.

அடிபட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்று சொல்ல வழியுமில்லை. அதனால்தான் அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015ல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடுத்தது. 2020ல் இங்கிலாந்து ஆரம்பப் பள்ளி வயதுப் பயிற்சியிலிருந்து அதை நீக்கியது.

நம் ஊர் கபடிக் களத்தில் தலைகுப்புற விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி உள்ளே அனுப்புவதை வீரம் என்கிறோம். தலைசுற்றல், வாந்தி, ஸ்கோர் மறந்துபோவது, ஒளியில் கண் கூசுவது: இதில் ஒன்று இருந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, அபூர்வமாக, உயிரையே எடுத்துவிடும்.