கோமாவில் இறந்த 14 பேரும் தென்னாப்பிரிக்க ராணுவமும்

 

2025 ஜனவரி கடைசியில் காங்கோவின் கிழக்கே உள்ள கோமா நகரை எம்23 என்ற கிளர்ச்சிப் படை பிடித்தது. அந்தச் சண்டையில் தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். சொந்தமாகப் பீரங்கியும் தாக்குதல் ஹெலிகாப்டரும் செய்த நாட்டுக்கு இந்த நிலை எப்படி வந்தது என்று நம் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். வீரர்களின் துணிவை நான் குறை சொல்ல மாட்டேன். எதை வாங்குவது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று அந்நாட்டு அரசு 25 வருடமாகப் போட்ட கணக்கில்தான் கோளாறு.

முதலில் அவர்கள் சாதித்ததைச் சொல்லிவிடுகிறேன். 1994 ஏப்ரல் 27, எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நாள். இன்றைய ராணுவம் பிறந்ததும் அன்றுதான். ஏழு படைகளை ஒன்றாக்கினார்கள். ஒன்று, வெள்ளையர் அரசின் பழைய ராணுவம். நான்கு, கறுப்பர்களை ஒதுக்கி வைக்க அந்த அரசு உண்டாக்கிய டிரான்ஸ்கை, சிஸ்கை, வெண்டா, போபுதட்ஸ்வானா என்ற பொம்மை நாடுகளின் படைகள். மற்ற இரண்டும் விடுதலை இயக்கங்களின் கெரில்லாப் படைகள். நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் ஒரே மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்! அங்கோலா முகாம்களில் பயிற்சி பெற்ற கெரில்லாவிடம் சான்றிதழா இருக்கும்? அவருக்கு எந்தப் பதவி தருவது என்பதில் எத்தனையோ மனக்கசப்புகள். நடுநிலையாக இருந்து பார்க்க பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்று வந்தது. 1998-ல் பழைய ராணுவத்தைச் சேர்ந்த தளபதி மெய்ரிங் விலகியதும், கெரில்லாப் படையிலிருந்து வந்த சிபிவே நியாண்டா தலைமைத் தளபதி ஆனார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால் எந்தப் போர் விமானத்தையும்விட இதுதான் பெரிய விஷயம்.

கோளாறு 1999-ல் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 கோடி ராண்டுக்கு ஓர் ஆயுத ஒப்பந்தம். கடைசியில் வந்து சேர்ந்தவை: 26 கிரிப்பன் போர் விமானங்கள், 24 ஹாக் பயிற்சி விமானங்கள், 4 போர்க்கப்பல்கள், 3 நீர்மூழ்கிகள், 30 சிறிய ஹெலிகாப்டர்கள். யாரோடு சண்டை போட? அங்கோலாவில் தென்னாப்பிரிக்கா நடத்திய போர் முடிந்துவிட்டது, நமீபியா 1990-லேயே விடுதலை பெற்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் எதிரி என்று ஒருவரும் இல்லை. லஞ்சக் கதைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவின் தலைவராக இருந்த டோனி யெங்கேனி, சலுகை விலையில் மெர்சிடிஸ் கார் வாங்கியதை மறைத்த வழக்கில் சிறைக்குப் போனார்.

உண்மையில் ராணுவத்துக்குக் காத்திருந்தது வேறு வேலை. புருண்டி, காங்கோ, டார்ஃபூர் என்று அமைதிப் படையாகப் போக வேண்டியிருந்தது. அதற்கு வேண்டியது ஆளையும் சாமானையும் தூக்கிச் செல்லும் விமானம், நல்ல கவச வண்டி, ஹெலிகாப்டர். அவர்களிடம் இருந்த ஹெர்குலிஸ் விமானங்களோ 1960களில் வாங்கியவை. ராட்டல் கவச வண்டி 1976-ல் படைக்கு வந்தது. அதற்கு மாற்றாக பேட்ஜர் வண்டிக்கு 2013-ல் உற்பத்தி ஒப்பந்தம் போட்டார்கள், அது இழுத்துக்கொண்டே போகிறது.

வாங்கியதையாவது பராமரித்தார்களா? பாதுகாப்புச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அதிலும் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே சரி. 2021-ல் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் கிரிப்பன் விமானங்கள் பறக்காமல் நின்றன. யானை வாங்கியாயிற்று, தீனி போட வழியில்லை.

2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில் 13 தென்னாப்பிரிக்க வீரர்கள் கிளர்ச்சியாளர்களிடம் சிக்கி இறந்தார்கள். அதே வருடம் நவம்பரில், காங்கோவில் இதே எம்23-ஐ ஐ.நா. படையும் காங்கோ ராணுவமும் தோற்கடித்தன. அப்போது வானிலிருந்து அடித்தவை தென்னாப்பிரிக்காவே செய்த ரூய்வால்க் ஹெலிகாப்டர்கள். மொத்தம் செய்ததே 12தான். 2023 டிசம்பரில் பிராந்தியக் கூட்டமைப்பின் படையாக வீரர்கள் திரும்பப் போனபோது அந்த ஹெலிகாப்டர்கள் உடன் போகவில்லை. கோமா விழுந்தபின் விமான நிலையமும் கையைவிட்டுப் போனது. வீரர்கள் மாதக்கணக்கில் முகாமுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். கடைசியில் ருவாண்டா வழியாகச் சாலையில் வெளியேறினார்கள். எம்23-க்குப் பின்னால் இருப்பதாக ஐ.நா. நிபுணர்கள் சொல்வது அதே ருவாண்டாவைத்தான்!

வேலையின்மை தலைவிரித்தாடும் நாட்டில் ராணுவத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அப்படியானால் படையைச் சுருக்கி, எல்லையைக் காக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். நம் தமிழ் வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் டர்பன் பகுதியில் 2021 ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்டபோது, போலீஸால் முடியாமல் இந்த ராணுவத்தைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளூர் வேலையே இவ்வளவு இருக்கிறது. காசைக் குறைத்துவிட்டு, ஆளை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இது தெரியாமல் நடந்ததும் இல்லை. ரோல்ஃப் மேயர் தலைமையிலான குழு எழுதிய 2015 பாதுகாப்பு ஆய்வறிக்கை, படை மிக மோசமாகச் சரிந்துகொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் எட்டு வருடம் கழித்து காங்கோவுக்கு ஆள் அனுப்பினார்கள். 2013-ல் உடன் இருந்த ஹெலிகாப்டர்கள் இந்தமுறை ஏன் போகவில்லை என்று அந்த 14 குடும்பங்களுக்கும் அரசு பதில் சொல்லியாக வேண்டும்.